அண்ணன் பெயருக்குப் போன ஒன்றரை லட்சம் பங்குகள்

கேள்வி:

கோவையில் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் பட்டறை ஒன்றை எங்கள் அப்பா தொடங்கி, பிறகு அதைப் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகப் பதிவு செய்தார். பத்து ரூபாய் முகமதிப்பில் மொத்தம் 1,00,000 பங்குகள். அப்பா காலமான பின் அண்ணனிடமும் அண்ணியிடமும் சேர்த்து 45,000, அம்மாவிடம் 25,000, என்னிடம் 30,000 என்று இருந்தது. அண்ணன்தான் மேலாண்மை இயக்குநர். அண்ணியும் அம்மாவும் இயக்குநர்கள். நான் திருமணமாகிச் சென்னையில் இருக்கிறேன். கம்பெனி விவகாரத்தில் இதுவரை தலையிட்டதில்லை.

கடந்த மார்ச் மாதம் 22-ஆம் தேதி, நாங்கள் காலி செய்துவிட்டு வந்த ஆவடி வீட்டு முகவரிக்கு ஒரு கூரியர் வந்ததாக அந்த வீட்டுக்காரர் கூப்பிட்டுச் சொன்னார். போய் வாங்கினேன். கம்பெனி புதிதாக 1,50,000 பங்குகள் வெளியிடுகிறது, என் பங்குக்கு 45,000 பங்குகளை முகமதிப்பிலேயே வாங்கிக்கொள்ளலாம், 4,50,000 ரூபாய் கட்ட வேண்டும், மார்ச் 3 முதல் 18 வரை அவகாசம் என்று அதில் இருந்தது. கவரின் மேல் ஒட்டிய சீட்டில் கூரியர் பதிவான தேதி மார்ச் 17. புது வீட்டு முகவரி கம்பெனிக்குத் தெரியும். புதுமனை புகுவிழாவுக்கு அண்ணனே வந்திருந்தார்.

அண்ணனிடம் கேட்டபோது, "மெஷின் வாங்க பாங்க்கில் கடன் கேட்டிருந்தோம், மூலதனத்தைக் கூட்டச் சொன்னார்கள், லெட்டர் அனுப்பினோம், நீ பதில் போடவில்லை" என்றார். ஒன்றரை லட்சம் பங்குகளும் அவர் பெயருக்கும் அண்ணி பெயருக்கும் 20-ஆம் தேதியே ஒதுக்கப்பட்டுவிட்டன. ஆடிட்டரைக் கேட்டால், அண்ணன் கம்பெனிக்குக் கொடுத்திருந்த 15 லட்சம் கடனைத்தான் பங்காக மாற்றிக்கொண்டார், போர்டுக்கு அந்த அதிகாரம் உண்டு என்கிறார். அம்மா அண்ணன் வீட்டில்தான் இருக்கிறார். "எனக்கு எதுவும் தெரியாதும்மா, அவன் காட்டுற இடத்துல கையெழுத்துப் போடுவேன்" என்கிறார். 30 சதவீதமாக இருந்த என் பங்கு 12 சதவீதமாகிவிட்டது. நான் எதுவும் செய்ய முடியுமா? பேசாமல் கொடுப்பதை வாங்கிக்கொண்டு விலகிவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்:

செய்ய முடியும். உங்கள் கடிதத்திலேயே அதற்கான சான்றுகள் பல இருக்கின்றன. முதலில் அந்தக் கூரியர் கவரைப் பத்திரப்படுத்துங்கள். உள்ளே இருந்த கடிதத்தைவிட இந்த வழக்கில் அதுதான் முக்கியம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ஆடிட்டர் சொன்னதில் ஒரு பகுதி சரி. 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 179-ஆவது பிரிவின்படி, பங்கு வெளியிடும் அதிகாரம் இயக்குநர் குழுவின் கையில்தான் இருக்கிறது. ஆனால் அதிகாரம் இருக்கிறதா என்பதோடு நீதிமன்றம் நின்றுவிடுவதில்லை. எதற்காகப் பயன்படுத்தினார்கள் என்பதைத்தான் உண்மையில் விசாரிக்கும். இயக்குநர் என்பவர் பிறர் சொத்தை அவர்கள் நன்மைக்காகக் கையாளும் நிலையில் இருப்பவர். 166-ஆவது பிரிவு இதை எழுத்திலேயே வைத்திருக்கிறது. உறுப்பினர்கள் அனைவரின் நன்மைக்காகவும் நல்லெண்ணத்தோடு செயல்பட வேண்டும், தன் சொந்த நலனும் கம்பெனி நலனும் மோதும் நிலைக்குள் போகக் கூடாது, தனக்கோ உறவினருக்கோ முறையற்ற ஆதாயம் தேடக் கூடாது. அப்படித் தேடியது நிரூபணமானால், அந்த ஆதாயத்துக்குச் சமமான தொகையைக் கம்பெனிக்குத் திருப்பிக் கட்ட வேண்டும்.

நடந்ததன் எடையை முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கம்பெனியின் நிலம், மெஷின், வரவேண்டிய பாக்கி எல்லாம் சேர்த்துக் கடன் போக 6 கோடி தேறும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கின் மதிப்பு 600 ரூபாய். உங்கள் 30,000 பங்குகளுக்கு 1 கோடியே 80 லட்சம். இப்போது பத்து ரூபாய் விலையில் ஒன்றரை லட்சம் பங்குகள் சேர்ந்ததும், 6 கோடியே 15 லட்சத்தை இரண்டரை லட்சம் பங்குகளுக்குப் பகிர வேண்டும். ஒரு பங்கு 246 ரூபாய். உங்கள் பங்கின் மதிப்பு 73 லட்சத்து 80 ஆயிரமாக இறங்கிவிட்டது. அம்மாவின் ஒன்றரைக் கோடி 61 லட்சத்து 50 ஆயிரமாகிவிட்டது. இருவரும் சேர்ந்து இழந்தது ஏறக்குறைய 1 கோடியே 95 லட்சம். அது எங்கும் காணாமல் போகவில்லை. 15 லட்சம் கொடுத்தவர்கள் கைக்கு அப்படியே போய்விட்டது.

பணத்தைவிடப் பெரிய மாற்றம் ஒன்றும் நடந்திருக்கிறது. நீங்கள் கவனித்தீர்களோ இல்லையோ, உங்களிடமும் அம்மாவிடமும் சேர்த்து 55 சதவீதம் இருந்தது. நினைத்தால் பொதுக்குழுவைக் கூட்டி இயக்குநர்களையே மாற்றும் பலம் அது. இன்று இருவரிடமும் சேர்த்து 22 சதவீதம். சிறப்புத் தீர்மானம் நிறைவேற, எதிர்த்து விழும் வாக்கைப்போல மூன்று மடங்கு ஆதரவு வேண்டும். அதைத் தடுக்க 25 சதவீதத்துக்கு மேல் கையில் இருக்க வேண்டும். அதுவும் உங்களிடம் இல்லை. பெரும்பான்மை சிறுபான்மையானது, தடுக்கும் பலமும் போனது. இரண்டும் ஒரே ஒதுக்கீட்டில் நடந்திருக்கின்றன என்பதை எந்தத் தீர்ப்பாயமும் கவனிக்காமல் விடாது.

இனி அந்தக் கவர். புதுப் பங்குகளை இருக்கும் பங்குதாரர்களுக்கே விகிதப்படி தரும் உரிமைப் பங்கு வெளியீட்டுக்கு 62-ஆவது பிரிவு சில நிபந்தனைகள் வைக்கிறது. அறிவிப்பைப் பதிவுத் தபால், விரைவுத் தபால், மின்னஞ்சல், கூரியர், அல்லது சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும் வேறு வழியில் அனுப்ப வேண்டும். வெளியீடு தொடங்குவதற்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே அனுப்ப வேண்டும். முடிவெடுக்கத் தரும் அவகாசம் முன்பு பதினைந்து நாளுக்குக் குறையக் கூடாது என்றிருந்தது. 2021-இல் விதியைத் திருத்தி ஏழு நாளாகக் குறைத்தார்கள். முப்பது நாளுக்கு மேல் போகக் கூடாது. உங்கள் விஷயத்தில் வெளியீடு தொடங்கியது மார்ச் 3 என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். கூரியரில் போட்டதோ 17-ஆம் தேதி, கடைசி நாளுக்கு முதல் நாள். கடிதத்தில் 15 நாள் அவகாசம் இருந்தாலும் உங்களுக்கு ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. பிரைவேட் கம்பெனியில் 90 சதவீத உறுப்பினர்கள் எழுத்தில் சம்மதித்தால் இந்தக் காலக்கெடுக்களைக் குறைத்துக்கொள்ளலாம் என்று 2015-இல் ஒரு சலுகை தந்தார்கள். நாலு உறுப்பினர்களில் அண்ணனும் அண்ணியும் சேர்ந்து இருவர்தான், அதாவது பாதி. நீங்களும் அம்மாவும் கையெழுத்துப் போடாமல் அந்தச் சலுகை அவர்களுக்குக் கிடையாது.

இதே போன்ற ஒரு கவர், இந்தியக் கம்பெனிச் சட்ட வரலாற்றில் முன்பே ஒரு முறை இடம்பிடித்திருக்கிறது. உங்கள் ஊருக்கு மேலே நீலகிரியில், கேத்தியில் இருக்கும் நீடில் இண்டஸ்ட்ரீஸ் வழக்கு அது. தையல் ஊசி செய்யும் அந்தக் கம்பெனியில் ஏறக்குறைய 60 சதவீதப் பங்கு இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் இருந்த தாய்க் கம்பெனியிடம் இருந்தது. 1973-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டப்படி அதை 40 சதவீதமாகக் குறைக்க ரிசர்வ் வங்கி கெடு வைத்தது. 1977 ஏப்ரலில் இங்கிருந்த இயக்குநர்கள் நூறு ரூபாய் முகமதிப்பில் 16,000 உரிமைப் பங்குகள் வெளியிட முடிவெடுத்தார்கள். ஏப்ரல் 14 தேதியிட்ட கடிதம் தாமதமாகத் தபாலில் சேர்க்கப்பட்டு, மே 2-ஆம் தேதிதான் பர்மிங்ஹாமில் கிடைத்தது. அதே மே 2-ஆம் தேதி இங்கே கூடிய இயக்குநர் குழு, அந்தப் பங்குகள் அனைத்தையும் இந்தியப் பங்குதாரர்களுக்கே ஒதுக்கிவிட்டது. தாய்க் கம்பெனி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஒற்றை நீதிபதி, பிறகு டிவிஷன் பெஞ்ச் என்று ஏறி உச்ச நீதிமன்றம் சென்ற வழக்கில், 1981-இல் தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் நீண்ட தீர்ப்பு ஒன்று எழுதினார்.

அதைப் படிக்கும்போது நீங்கள் முதலில் சோர்ந்துபோகலாம். ஒதுக்கீட்டை உச்ச நீதிமன்றம் ரத்து செய்யவில்லை. வெளிநாட்டுப் பங்கைக் குறைக்க வேண்டிய சட்டக் கட்டாயம் உண்மையாகவே இருந்தது, கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. அதனால் முக்கிய நோக்கம் கட்டுப்பாட்டைப் பறிப்பது என்று சொல்ல முடியாது என்றது. கம்பெனியின் நன்மைக்காக எடுத்த முடிவால் இயக்குநர்களுக்கும் தற்செயலாக நன்மை கிடைத்தால் அது மட்டும் குற்றமாகாது என்றும், தங்கள் பிடியைக் காப்பாற்றிக்கொள்வதற்காகவே வெளியிட்டிருந்தால் அது செல்லாது என்றும் கோடு போட்டுக் காட்டியது. ஆனால் அதோடு விடவில்லை. ஒடுக்குமுறை நிரூபணமாகாவிட்டாலும் அநியாயத்தைச் சரி செய்ய வேண்டும் என்று, தாய்க் கம்பெனிக்கு வந்திருக்க வேண்டிய 9,495 பங்குகளைக் கணக்கில் எடுத்தது. வெளியீட்டு விலை 100, மதிப்பு 190. வித்தியாசம் பங்குக்கு 90 ரூபாய் வீதம் 8,54,550 ரூபாயை இந்தியத் தரப்பு கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. வழக்கில் தோற்றவருக்கும் இழப்பு ஈடானது. உங்கள் அண்ணனுக்கோ அரசாங்கம் வைத்த கெடு எதுவும் இல்லை. அதனால் நீடில் வழக்கில் இயக்குநர்களைக் காப்பாற்றிய காரணம் இங்கே கிடைக்காது. பங்குதாரருக்குக் கைகொடுத்த காரணம் மட்டும் அப்படியே பொருந்துகிறது.

அண்ணனின் வாதத்தையும் நேர்மையாக எடைபோட வேண்டும். மூலதனம் உண்மையாகவே தேவைப்பட்டிருந்தால் உங்கள் நிலை பலவீனமாகும். 1950-இல் பாம்பே லைஃப் அஷ்யூரன்ஸ் வழக்கில், கம்பெனிக்குப் பணத்தேவை இருந்தது உறுதியானதால், வெளியார் கைக்குக் கம்பெனி போகாமல் தடுக்கும் எண்ணமும் கூடவே இருந்தது என்பதற்காக வெளியீட்டை ரத்து செய்ய உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. எதிர்த் திசையில் 1974-இல் லண்டன் பிரிவி கவுன்சிலில் முடிந்த ஆஸ்திரேலிய வழக்கு ஒன்று இருக்கிறது. 55 சதவீதம் வைத்திருந்த இரு பங்குதாரர்களைச் சிறுபான்மையாக்கும் வகையில், ஹோவர்ட் ஸ்மித் என்ற மூன்றாவது கம்பெனிக்குப் புதுப் பங்குகளைக் கொடுத்தார்கள் மில்லர் கம்பெனியின் இயக்குநர்கள். கம்பெனிக்குப் பணத்தேவை இருந்தது, இயக்குநர்கள் தங்களுக்கென்று ஒரு காசும் எடுக்கவில்லை. இருந்தும் பெரும்பான்மையை உடைப்பதுதான் முக்கிய நோக்கம் என்று கண்டு ஒதுக்கீட்டை ரத்து செய்தார்கள். என் பார்வையில் இந்தத் துறையில் மிகத் தெளிவான தீர்ப்பு இதுதான். யார் பெரும்பான்மை என்பதைப் பங்குதாரர்கள் தீர்மானிக்க வேண்டும். அதை மாற்றி எழுத இயக்குநர்களுக்கு யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை.

ஆகவே உங்கள் வழக்கு, அந்தப் பணத்தேவை உண்மையா என்பதில் வந்து நிற்கும். அங்கேதான் அண்ணனும் ஆடிட்டரும் முரண்படுகிறார்கள். மெஷின் வாங்கப் பணம் தேவைப்பட்டது என்கிறார் ஒருவர். பழைய கடனைப் பங்காக மாற்றினோம் என்கிறார் மற்றவர். கடனை மாற்றியிருந்தால் கம்பெனிக் கணக்கில் ஒரு ரூபாய்கூடப் புதிதாக வந்திருக்காது. மெஷின் எந்தப் பணத்தில் வரும்? இதற்கும் ஒரு பதில் இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கடன் கொடுக்கும் வங்கிகள் சில சமயம், இயக்குநர்கள் கொடுத்த கடனை மூலதனமாக மாற்றச் சொல்லி நிபந்தனை வைப்பதுண்டு. அப்படியானால் வங்கியின் அனுமதிக் கடிதத்தில் அது எழுதியிருக்கும். அந்தக் கடிதம் இருக்கிறதா, அதன் தேதி என்ன, எவ்வளவு கூட்டச் சொன்னார்கள் என்று பார்க்க வேண்டும். அப்படியொரு கடிதம் இருந்தால்கூட, உங்களுடைய நாலரை லட்சத்தையும் அம்மாவின் மூன்றே முக்கால் லட்சத்தையும் வாங்காமல் விட்டது ஏன் என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பணம் தேவைப்படும் கம்பெனி, பணம் தரக்கூடியவரின் கதவைத் தட்டாமல் போகாது. கடனைப் பங்காக மாற்றும் உரிமையோடு கடன் வாங்கினோம் என்று சொன்னாலோ, கடன் வாங்கும் முன்பே அதற்குப் பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானம் போட்டிருக்க வேண்டும். 45 சதவீதத்தை வைத்துக்கொண்டு அதை நிறைவேற்றியிருக்க முடியாது.

அடுத்து, யாரும் கவனிக்காத ஓரிடம். கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட மூலதனம் எவ்வளவு? பழைய பங்குகள் பத்து லட்சம் ரூபாய், புதியவை பதினைந்து லட்சம், ஆக 25 லட்சம். அப்பா காலத்தில் பத்து லட்சம் என்றே பதிவாகியிருந்தால், அதை உயர்த்தாமல் இந்தப் பங்குகளை வெளியிடவே முடியாது. உயர்த்துவதற்குப் பொதுக்குழுவில் தீர்மானம் வேண்டும். உங்களுக்கும் அம்மாவுக்கும் நோட்டீஸ் வந்திருக்க வேண்டும், 55 சதவீதத்தை மீறி அந்தத் தீர்மானம் நிறைவேறியிருக்கவும் முடியாது. உயர்த்தியதற்கான எஸ்.எச்.-7 படிவம் பதிவாளரிடம் தாக்கலாகியிருந்தால், அந்தக் கூட்டம் எப்போது, எங்கே, யார் யார் முன்னிலையில் நடந்தது என்று கேளுங்கள். நடக்காத கூட்டத்துக்கு மினிட்ஸ் எழுதுவது நம் குடும்பக் கம்பெனிகளில் வெகு காலமாகப் புழங்கும் பழக்கம். எல்லோரும் ஒற்றுமையாக இருக்கும்வரை அதை யாரும் கேட்பதில்லை. சண்டை வந்த நாளில் அந்த மினிட்ஸ்தான் அதை எழுதியவருக்கு எதிரான முதல் சாட்சி.

இந்தப் படிவங்களைப் பார்க்க யார் தயவும் வேண்டாம். கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் சிறு கட்டணம் கட்டினால், பதிவாளரிடம் தாக்கலான பி.ஏ.எஸ்.-3 என்னும் ஒதுக்கீட்டு அறிக்கை, எஸ்.எச்.-7, ஆண்டறிக்கைகள், நிதிநிலைக் கணக்குகள் எல்லாம் கிடைக்கும். பங்குகள் ரொக்கத்துக்குக் கொடுக்கப்பட்டனவா, வேறு வகையிலா என்பது பி.ஏ.எஸ்.-3 படிவத்தில் தெரியும். ஒவ்வொரு படிவமும் எந்தத் தேதியில் ஏற்றப்பட்டது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். உறுப்பினர் என்ற முறையில் உறுப்பினர் பதிவேட்டையும் பொதுக்குழு மினிட்ஸையும் கம்பெனியிலேயே பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. பதிவேட்டில் உங்கள் முகவரி என்னவென்று பாருங்கள். அங்கே இன்னும் ஆவடி என்றே இருந்தால், பதிவேட்டில் உள்ள முகவரிக்குத்தான் அனுப்பினோம் என்று அவர்கள் சொல்வார்கள். அப்போது 17-ஆம் தேதி என்ற சீட்டுதான் உங்கள் கையில் மிஞ்சும் ஆயுதம். பங்கின் விலையைப் பற்றியும் ஒன்று: உரிமைப் பங்கை முகமதிப்பில் கொடுப்பது சட்டப்படி தவறில்லை. எல்லோரும் விகிதப்படி வாங்கினால் யாருக்கும் நட்டமில்லை. வாங்க விடாமல் செய்யும்போதுதான் அந்தக் குறைந்த விலை ஒருவரைத் தண்டிக்கும் கருவியாகிறது. வாங்காமல் மிஞ்சிய பங்குகளையும், பங்குதாரர்களுக்கும் கம்பெனிக்கும் பாதகமில்லாத வகையில்தான் இயக்குநர்கள் கையாள வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. உங்களுடைய 45,000, அம்மாவுடைய 37,500, ஆக 82,500 பங்குகளைத் தங்கள் பெயருக்கே எழுதிக்கொண்டதை அந்த வாசகத்தோடு பொருத்திக் காட்டுவது எளிதல்ல.

இயக்குநர் குழுவின் மினிட்ஸைப் பார்க்க உறுப்பினருக்கு உரிமை இல்லை. அது அம்மாவுக்கு இருக்கிறது, அவர் இயக்குநர். இங்கே அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த வழக்கின் மையம் நீங்கள் அல்ல, அவர்தான்.

இயக்குநர் குழுக் கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பாக ஒவ்வொரு இயக்குநருக்கும் எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். மூன்று இயக்குநர்களில் இருவர் வந்தால் கோரம் நிறைந்துவிடும். ஆனால் கோரம் இருந்தது என்பதால் நோட்டீஸ் இல்லாத குறை தீராது. ஒரே ஓர் இயக்குநருக்கு நோட்டீஸ் போகாவிட்டாலும் அந்தக் கூட்டத்தின் தீர்மானம் செல்லாது என்று 1973-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒரே வீட்டில் இருக்கிறார், வாய்வார்த்தையாகச் சொன்னோம் என்பது போதாது. சிக்கல் எங்கே என்றால், அம்மா காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறவர். வருகைப் பதிவேட்டிலோ, நோட்டீஸ் கிடைத்தது என்ற ஒப்புகையிலோ, தன் 37,500 பங்குகளை மகனுக்கு விட்டுக்கொடுத்ததாக ஒரு கடிதத்திலோ அவர் கையெழுத்து இருக்கக்கூடும். வழக்குப் போடும் முன்பே இது உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாமல் தீர்ப்பாயத்துக்குப் போய், எதிர்த்தரப்பு அந்தத் தாளை எடுத்து நீட்டும்போது விழிப்பது நல்லதல்ல. இன்னொன்றையும் அவருக்கு இதமாக எடுத்துச் சொல்லுங்கள். கவனத்தோடும் சுய அறிவோடும் செயல்பட வேண்டும் என்று 166-ஆவது பிரிவு சொல்லும் கடமை, கையெழுத்து மட்டும் போடும் இயக்குநருக்கும் பொருந்தும். நாளை அந்தக் கம்பெனி வரியிலோ வங்கிக் கடனிலோ சிக்கினால், எனக்கு எதுவும் தெரியாது என்ற பதில் அவரைக் காப்பாற்றாது. நான் பார்த்த குடும்பக் கம்பெனிகளில், எண்ணிக்கைக்காக இயக்குநராக்கப்பட்ட தாய்மார்களும் மனைவியரும்தான் கடைசியில் நோட்டீஸ்களைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிறார்கள். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆறாத வருத்தம் உண்டு.

போக வேண்டிய இடம் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. இந்த விஷயங்களில் சிவில் நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை. 241-ஆவது பிரிவின்படி, கம்பெனி விவகாரங்கள் உறுப்பினரை ஒடுக்கும் வகையில், அவருக்குப் பாதகமாக நடத்தப்படுகின்றன என்று மனு போட வேண்டும். மனுப் போடும் தகுதிக்குப் பங்கில் பத்தில் ஒரு பகுதியோ, உறுப்பினர் எண்ணிக்கையில் பத்தில் ஒரு பகுதியோ வேண்டும். உங்கள் கம்பெனியில் நாலே உறுப்பினர்கள். உங்களிடம் பங்கு எவ்வளவு குறைந்திருந்தாலும் நீங்கள் ஒருவரே தகுதி பெறுவீர்கள். இந்தக் கதவை மூட அவர்களால் முடியாது. இயக்குநரின் கடமை கம்பெனிக்குத்தானே, தனிப் பங்குதாரருக்கு இல்லையே என்று எதிர்த்தரப்பு வாதாடும். பொதுவாக அது சரியான வாதம்தான். ஆனால் 241-ஆவது பிரிவு, பாதிக்கப்பட்ட உறுப்பினருக்கென்றே வைத்த வழி. ஒரே ஒரு செயலைத் தொடர் ஒடுக்குமுறை என்று எப்படிச் சொல்வது என்றும் கேட்பார்கள். பங்கு ஒதுக்கீட்டின் விளைவு ஒரு நாளோடு முடிவதில்லை. இனி நடக்கும் ஒவ்வொரு வாக்கெடுப்பிலும் அது இருக்கும்.

மனுவோடு இடைக்கால உத்தரவும் கேளுங்கள். பங்கு நிலவரம் இப்படியே இருக்க வேண்டும், மேற்கொண்டு பங்கு வெளியிடக் கூடாது, நிலத்தை விற்கவோ புதிதாக அடமானம் வைக்கவோ கூடாது என்று. இடைக்கால நிலையிலேயே தீர்ப்பாயங்கள் தலையிட்டதுண்டு. 2024 பிப்ரவரியில் பைஜூஸ் நிறுவனத்தின் உரிமைப் பங்கு வெளியீட்டை முதலீட்டாளர்கள் எதிர்த்தபோது, திரட்டிய பணத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட மூலதனத்தை உயர்த்தாமல் பங்கு ஒதுக்கக் கூடாது என்று பெங்களூரு அமர்வு உத்தரவிட்டது. மூன்று ஆண்டு காலவரம்பு இருக்கிறது என்று காத்திருக்காதீர்கள். தெரிந்தும் பேசாமல் இருந்தவருக்கு நியாயம் கேட்கும் வாய் அடைபட்டுப்போகும். இந்த இடைவெளியில் அண்ணன் தரப்பிலிருந்து வரும் எந்தச் சம்மதக் கடிதத்திலும், "கணக்கு சரி" என்ற தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம். காவல் நிலையத்துக்குப் போகச் சொல்லி யாராவது ஆலோசனை சொல்வார்கள். முதல் வேலையாக அதைச் செய்ய வேண்டாம். பங்கைத் திருப்பித் தரும் அதிகாரம் அங்கே இல்லை. கம்பெனியின் ஆடிட்டரிடமும் இனி சட்ட ஆலோசனை கேட்காதீர்கள். அவர் உங்களுக்காக அமர்த்தப்பட்டவர் அல்ல. உங்களுக்கென்று ஒரு கம்பெனி செக்ரட்டரியையும், தீர்ப்பாயத்தில் பழக்கமுள்ள வழக்கறிஞரையும் அமர்த்திக்கொள்ளுங்கள்.

கொடுப்பதை வாங்கிக்கொண்டு விலகிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம். கேரளத்தின் டேல் அண்ட் கேரிங்டன் வழக்கில், பெரும்பான்மைப் பங்குதாரருக்குத் தெரியாமல் மேலாண்மை இயக்குநர் தன் பெயருக்கே பங்குகளை ஒதுக்கிக்கொண்டு கம்பெனியைத் தன் கைக்குக் கொண்டுவந்துவிட்டார். ஒதுக்கீடு தவறு என்று கண்ட அன்றைய கம்பெனிச் சட்ட வாரியம், ஏமாற்றப்பட்டவரின் பங்குகளை அந்த மேலாண்மை இயக்குநரே வாங்கிக்கொள்ளட்டும் என்று முடித்தது. உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. ஒடுக்கியவருக்கே கம்பெனியைப் பரிசாகக் கொடுப்பது நியாயமல்ல என்று 2004-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்து, ஒதுக்கீட்டை ரத்து செய்தது. பிரைவேட் கம்பெனிதானே என்று இயக்குநர்கள் தங்கள் கடமையைத் தளர்த்திக்கொள்ள முடியாது என்பதும் அந்தத் தீர்ப்பில் தெளிவாக இருக்கிறது. உங்கள் வக்கீலிடம் இந்தத் தீர்ப்பை முதலில் படிக்கச் சொல்லுங்கள். இன்றைய 12 சதவீதத்தை வைத்து விலை பேசினால் 73 லட்சத்துக்குப் பேசுவீர்கள். ஒதுக்கீடு ரத்தான பின் அதே மேஜையில் உட்கார்ந்தால் 1 கோடியே 80 லட்சத்துக்குப் பேசுவீர்கள். விலகுவது உங்கள் விருப்பம், அதில் தவறில்லை. ஆனால் 30 சதவீதக்காரராக விலகுங்கள். விலையை இரு தரப்புக்கும் பொதுவான மதிப்பீட்டாளர் சொல்லட்டும். ஒதுக்கீட்டை ரத்து செய்யாவிட்டாலும், உங்கள் 45,000 பங்குகளை அதே பத்து ரூபாய்க்கு வாங்க அனுமதிக்கும்படி மாற்றுக் கோரிக்கையாக மனுவில் சேர்க்கச் சொல்லுங்கள். அந்த நாலரை லட்சத்தைத் தயாராக ஒரு கணக்கில் வைத்து, அதன் சான்றையும் மனுவோடு இணைத்தால், வாங்க மனமில்லாதவர் என்று யாரும் உங்களைச் சொல்ல முடியாது.

சமரசத்துக்கும் சட்டத்தில் இடமிருக்கிறது. 442-ஆவது பிரிவின்படி வழக்கில் சம்பந்தப்பட்டவர்கள் கேட்டால் தீர்ப்பாயம் சமரசக் குழுவுக்கு அனுப்பும். குடும்பக் கம்பெனிகளுக்கு இது நல்ல வழி என்றே நான் நினைக்கிறேன். ஆனால் மனுவும் இடைக்கால உத்தரவும் கையில் இருக்கும்போது நடக்கும் சமரசம் வேறு, ஒன்றும் இல்லாமல் அண்ணன் வீட்டு ஹாலில் பெரியவர்களை வைத்து நடக்கும் சமரசம் வேறு.

அம்மாவையும் மனுதாரராகச் சேர்ப்பதா என்பதுதான் உங்களுக்குக் கடினமான முடிவாக இருக்கும். அவர் சேர்ந்தால் வழக்கு பலமாகும். மகன் வீட்டில் இருந்துகொண்டே மகன்மேல் வழக்குப் போடச் சொல்வது அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை நீங்கள்தான் அறிவீர்கள். அவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள். மனுவில் அவரை எதிர்மனுதாரராகச் சேர்த்து, நடந்த உண்மையை மட்டும் அவர் தனியாகப் பதில் மனுவில் சொன்னாலே போதும். தீர்ப்பாயம் அதைக் கவனிக்கும். அதற்கு முன் அவர் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. இயக்குநர் என்ற முறையில், மார்ச் மாதக் கூட்டங்களின் நோட்டீஸ், மினிட்ஸ், வருகைப் பதிவேடு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்று கம்பெனிக்குத் தன் கையெழுத்தில் ஒரு கடிதம் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். இந்த முறை, எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்த பிறகு அவர் கையெழுத்துப் போடட்டும்.